நார்த்ஃபீல்டில் ஓர் ஆல்ட்டோ: செயின்ட் ஓலாஃப் கல்லூரியின் கிறிஸ்துமஸ் விழா

எந்தப் பாடகர் குழுவைக் கேட்டாலும் என் காது முதலில் ஆல்ட்டோவைத்தான், பெண்களின் கீழ்க்குரலைத்தான் தேடும். தரங்கம்பாடி புதிய எருசலேம் கோயிலில் முப்பத்தெட்டு வருஷம் ஆல்ட்டோ பாடியவளுக்கு வேறு எப்படி இருக்கும்? பெண்களின் மேல்குரலான சொப்ரானோ மெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் அடியில் தூணாக நிற்கும். ஆண்களின் மேல்குரலான டெனர் கத்தியாவது தன்னைக் காட்டிக்கொள்ளும். நடுவில் நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் ஆல்ட்டோ சரியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. தப்பினால் மட்டும் மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்கும்.

போன டிசம்பரில் மகள் வீட்டுக்கு, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மினியாபோலிஸுக்குப் போயிருந்தேன். வெளியே தலை நீட்ட முடியாத குளிர். மூன்றாவது வாரம் சீரியலும் சலித்துவிட்டது. அப்போது மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார். "அத்தை, நார்த்ஃபீல்டுல ஒரு காலேஜ் இருக்கு. உங்க சபைதான், லூத்தரன். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஊரே கூடும். என்கூட வேலை பாக்குறவங்க பொண்ணு அதுல பாடுது, ரெண்டு டிக்கெட் மிச்சம் இருக்காம். போறீங்களா?" போகாமல்? இந்த டிக்கெட் லேசில் கிடைக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பாடுகிற பிள்ளைகளின் குடும்பங்களும் பழைய மாணவர்களும் முந்திக்கொள்வார்கள். நீங்கள் போக நினைத்தால் டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். அங்கே படித்தவர் யாரையாவது இப்போதே பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மினியாபோலிஸிலிருந்து தெற்கே 35ஆம் நெடுஞ்சாலையில் 40 மைல் சொச்சம். வெயில் காலத்தில் முக்கால் மணி நேரம் போதுமாம். எங்களுக்குப் பனி விழுந்ததில் ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியில் ஒரு கடையில் காபி குடித்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சூடாக இருந்தது. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. நார்த்ஃபீல்டுக்குள் நுழைந்தபோது மகள் ஊரின் பழைய முழக்கத்தைச் சொன்னாள்: மாடுகள், கல்லூரிகள், மனநிறைவு. மாடுகள் கொட்டகைக்குள் போயிருந்தன. இந்தச் சிற்றூரில் கல்லூரிகள் இரண்டு. ஒன்று கார்ல்டன். மற்றது குன்றின் மேல் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்த செயின்ட் ஓலாஃப்.

முதலில் சாப்பாடு. விழா நாட்களில் கல்லூரி உணவுக்கூடத்தில் நார்வே விருந்து உண்டு, அதற்குத் தனி டிக்கெட். அதன் நாயகன் லூட்டஃபிஸ்க். காட் மீனை உப்புப் போடாமல் குளிர்காற்றில் விறகு மாதிரி காயவைத்து, அப்புறம் சாம்பல் காரத்தில் ஊறப்போட்டு, அந்தக் காரம் போக நாள்கணக்கில் தண்ணீரில் அலசி வேகவைப்பார்கள். தட்டில் வரும்போது நுங்கு மாதிரி ஆடுகிறது. மேலே உருக்கிய வெண்ணெய். தரங்கம்பாடிக்காரிக்குக் கருவாடு புதிதா என்று தைரியமாக எடுத்தேன். கருவாட்டுக்கு உரிய எல்லாக் குணங்களையும் கழுவி எடுத்துவிட்ட கருவாடு இது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டு வந்தார், அவருக்கு அது அம்மா கை ருசி. நான் லெஃப்சாவோடு நிறுத்திக்கொண்டேன். உருளைக்கிழங்கு மாவில் மெல்லியதாகத் தேய்த்துச் சுட்ட ரொட்டி, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தின்ன வேண்டும். அது அருமை. நாலு சாப்பிட்டேன்.

கச்சேரி நடப்பது ஸ்கோக்லண்ட் அரங்கில், அதாவது கூடைப்பந்து ஆடும் இடத்தில். இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரிக்குள்ளேயே அழகான ஜெபாலயம் இருக்கிறது. ஆனால் மேடையில் ஐந்து பாடகர் குழுக்கள், ஓர் ஆர்கெஸ்ட்ரா, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். கேட்க வருகிறவர்களோ ஆயிரக்கணக்கில். ஜெபாலயம் எப்படித் தாங்கும்? எனவே பேராலயத்தின் எதிரொலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நார்வேயில் டிரோன்ட்ஹைம் பேராலயத்தில் இவர்கள் பாடியது 2005இல் ஒளிப்பதிவாகி வந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதையும் பார்த்தேன், அந்தக் கல்சுவர்களில் குரல் உருகி வழிகிறது. நேரில் கேட்டபோது இருந்த தெளிவு அதில் இல்லை. எனக்குத் தெளிவுதான் பிடிக்கும். ஆல்ட்டோ தனியாகக் காதில் விழ வேண்டுமே.

இந்த விழா தொடங்கியது 1912இல். அதைத் தொடங்கிய எஃப். மீலியஸ் கிறிஸ்டியன்சன் ஒரு வயலின்காரர் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்லூரியின் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே குடியேறிய நார்வே விவசாயிகளுக்காக 1874இல் மூஸ் என்ற பாதிரியார் (எங்கள் வழக்கில் மூஸ் ஐயர்) சிலரோடு சேர்ந்து ஆரம்பித்த பள்ளி இது. நார்வேயின் காவல் புனிதரான ஓலாஃப் மன்னரின் பெயரை வைத்தார்கள். 1889இல் கல்லூரி ஆனது. ஆரம்பத்திலிருந்தே பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. பக்கத்து மாநிலமான அயோவாவில் இதே நார்வேக்காரர்கள் நடத்திய லூத்தர் கல்லூரியில் 1930கள் வரை ஆண்கள்தான். பெண்கள் இல்லாத இடத்தில் ஆல்ட்டோ ஏது, நாலு குரல் ஏது?

ஆனாலும் செயின்ட் ஓலாஃபில் முதலில் வந்தது பாட்டு இல்லை, பேண்டு. 1891லேயே பேண்டு உண்டு. எஃப். மீலியஸ் கிறிஸ்டியன்சன் இசைத்துறையை நடத்த வந்தது 1903இல். நார்வேயில் 1871இல் பிறந்து, லார்விக் என்ற துறைமுக ஊரில் வளர்ந்து, 17 வயதில் கப்பலேறியவர். விஸ்கான்சினில் மரினெட் என்ற ஊரில் ஸ்காண்டிநேவியர் பேண்டு ஒன்றை நடத்தினார். பிறகு 1890களின் கடைசியில் ஜெர்மனிக்குப் போய் லைப்சிக்கில் படித்தார்.

லைப்சிக் என்றதும் நான் மகள் கையைப் பிடித்துவிட்டேன். எங்கள் சபைக்காரர்களுக்கு லைப்சிக் தூரத்து ஊர் இல்லை. லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியது டென்மார்க் அரசர் அனுப்பி. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் எங்கள் சபைகளைப் பார்த்துக்கொண்டது லைப்சிக் மிஷன். பழைய ஆட்கள் பேச்சில் 'லைப்சிக் ஐயர்மார்' இன்னும் வருவார்கள். உபதேசியாராக இருந்த என் தாத்தா ஹார்மோனியத்தில் வாசித்த ஞானப்பாட்டு மெட்டுகள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவை. இந்த நார்வே வயலின்காரர் அதே ஊரில் உட்கார்ந்து அதே மெட்டுகளின் அடி முடியைப் படித்திருக்கிறார். ஒரே கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய்க்காலில் காவிரிக் கடைமடைக்கும் இன்னொரு வாய்க்காலில் மினசோட்டாவுக்கும் போயிருக்கிறது.

1906இல் பேண்டைக் கூட்டிக்கொண்டு நார்வேக்குப் போனார் கிறிஸ்டியன்சன். ஸ்வீடனிடமிருந்து பிரிந்த நார்வே தன் புதிய அரசருக்கு முடிசூட்டிய வருஷம் அது. குடியேறியவர்களின் பிள்ளைகள் பித்தளை வாத்தியங்களோடு அப்பா அம்மாவின் ஊருக்குத் திரும்பிப் போய் வாசித்ததை நினைத்துப் பாருங்கள். பேண்டுக்கு இவ்வளவு பேர் கிடைத்த பிறகும் அவர் மனம் பாட்டுப் பக்கம் போனது. நார்த்ஃபீல்டில் செயின்ட் ஜான்ஸ் லூத்தரன் கோயிலின் பாடகர் குழுவையும் அவர்தான் பழக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குழுதான் 1912இல் செயின்ட் ஓலாஃப் பாடகர் குழு ஆனது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்த குழு. மறு வருஷமே நார்வே போனது, 1920இல் நியூயார்க் வரை போய்ப் பாடியது. வாத்தியம் கிடையாது, கையில் தாள் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

வயலின்காரர் என்பதுதான் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது. குரலை அவர் தந்தி மாதிரி நடத்தினார். சுருதி பிசகக் கூடாது. தனிக்குரல் தூக்கலாகக் கேட்கக் கூடாது. நடுக்கம் இல்லாத நேர்க்குரலில் அத்தனை பேரும் ஒரே குரலாகக் கரைய வேண்டும். 1941இல் பொறுப்பேற்ற அவர் மகன் ஓலாஃப் கிறிஸ்டியன்சன் இதில் அப்பாவைவிடக் கறார் என்கிறார்கள். இன்னொரு மகன் பால் கிறிஸ்டியன்சன் மூர்ஹெட் ஊரில் கன்கார்டியா கல்லூரிக் குழுவைக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் பார்த்துக்கொண்டார், அதுவும் லூத்தரன் கல்லூரிதான். குரல் பயிற்சி ஆசிரியர்களில் பலருக்கு இந்த நேர்க்குரல் பிடிக்காது. இயல்பான குரலைக் கட்டிப்போடுகிறது, இளம் தொண்டைக்குச் சிரமம் என்பார்கள். எனக்கும் பாதி சந்தேகம்தான். எங்கள் குழுவில் முன்பு ஓர் அக்கா இருந்தார், அவர் குரல் கூட்டத்தில் கரையவே கரையாது. கோயில் வாசலில் வரும்போதே அவர் வந்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அவரைக் கழித்துவிட்டால் சுருதி சுத்தமாகும், சரி. பாட்டு எங்கள் ஊர்ப் பாட்டாக இருக்குமா?

ஓலாஃப் கிறிஸ்டியன்சனுக்குப் பிறகு 1968இல் கென்னத் ஜென்னிங்ஸ், 1990இல் ஆன்டன் ஆம்ஸ்ட்ராங். முதல் நூறு வருஷத்தில் குழுவை நடத்தியவர்கள் நான்கே பேர். ஆம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் வளர்ந்த கறுப்பினத்தவர், இதே கல்லூரியில் படித்தவர். அவர் காலத்தில் பாட்டுப் பட்டியல் ஐரோப்பாவைத் தாண்டி விரிந்தது, குரலுக்கும் உடம்பு வந்தது. இதெல்லாம் பழைய பதிவுகளை மகள் இணையத்தில் தேடிப் போட்டுக்காட்டியபோது எனக்கே காதில் பட்டது. வானொலி வழியாகவும் நிறையப் பேர் இவர்களைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். டபிள்யூசிஏஎல் என்ற நிலையத்தைக் கல்லூரியே 1922இல் உரிமம் பெற்று நடத்தியது, 2004இல் விற்றுவிட்டது. அந்த அலைவரிசையில் இப்போது வேறு மாதிரி பாட்டு ஓடுகிறது, மாப்பிள்ளை காரில் வைப்பது அதைத்தான்.

சரி, அன்றைக்கு வருவோம். விளக்கை இறக்கினார்கள். ஐந்து குழுக்களுக்கும் வெவ்வேறு அங்கி, மூத்த குழுவான செயின்ட் ஓலாஃப் பாடகர் குழுவுக்கு ஊதா நிற வெல்வெட். அந்தக் குழுவில் எழுபத்தைந்து பேர் அளவில். ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு பாடுகிறார்கள். இது நெடுநாள் வழக்கமாம். எனக்கு முதலில் பள்ளிக்கூட நாடகம் மாதிரி தெரிந்தது. இரண்டாவது பாட்டில் காரணம் புரிந்தது. பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுப்பது கை வழியாகத் தெரியும். பெயருக்கு ஒரு நடத்துநர் முன்னால் நின்றாலும் எழுபத்தைந்து பேரும் ஒன்றாக மூச்சு வாங்குவது இப்படித்தான். எங்கள் ஒத்திகையில் 'சேர்ந்து மூச்சு எடுங்க, சேர்ந்து எடுங்க' என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேனே. இவர்களில் பாதிக்கு மேல் இசை படிக்கிறவர்கள்கூட இல்லையாம். எங்களுக்கு டிக்கெட் கொடுத்தவரின் பெண்ணுக்கு உயிரியல்.

ஆல்ட்டோ எப்படி? சொல்கிறேன். தேன். கெட்டியான, நிறம் கறுத்த மலைத்தேன். ஒரு பாட்டில் சொப்ரானோ மேலே போய் நீளமாக நிற்க, அடியில் ஆல்ட்டோ அரைச்சுரம் இறங்கியது. அந்த ஒரு அடியில் மொத்தப் பாட்டும் நிறம் மாறிவிட்டது. அடுத்த இருக்கையில் மகள் இருந்தாள். "கேட்டியா?" என்றேன். "என்னது?" என்றாள். போடி என்று விட்டுவிட்டேன். கைதட்டல் கடைசியில்தான். நடுவில் தட்டாமல் அடக்கிக்கொள்வது எனக்குப் பழக்கமானது, ஆராதனையில் யார் தட்டுவார்கள்?

ஆனால் இந்தக் குழுக்களைவிட என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு. நடுநடுவே சில பாட்டுகளைக் கூட்டமும் எழுந்து பாட வேண்டும். ஒரு பழைய ஜெர்மன் மெட்டு வந்தது. எனக்குத் தமிழில் தெரிந்ததுதான், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுவோம். ஆயிரக்கணக்கானவர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். எல்லாரும் மெட்டைத்தான் பாடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பின்னாலிருந்து டெனர் வந்தது. இடது பக்கம் என்னைவிட வயதான ஒருவர், புள்ளி போட்ட நார்வே ஸ்வெட்டர், காதில் கருவி. கண்ணை மூடிக்கொண்டு பேஸ் பாடினார். ஒரு சுரம் தப்பவில்லை. கூட்டம் முழுக்க நாலு குரல். மேடையில் பயிற்சி எடுத்தவர்கள் இல்லை, டிக்கெட் வாங்கி வந்தவர்கள்.

பாட்டு முடிந்து உட்கார்ந்ததும் அவரிடம் கேட்டேன், இந்தக் கல்லூரியில் படித்தீர்களா என்று. இல்லை, மாட்டுப் பண்ணை என்றார். அப்புறம் எப்படி? அவருடைய ஊர்ப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் இங்கே படித்தவராம். இந்தப் பண்ணைக்காரர் போகும் கோயிலில் நாற்பது வருஷம் பாடகர் குழுவை நடத்திய அம்மாவும் இங்கே படித்தவராம்.

கல்லூரி இசைத்துறையின் வேலை அங்கேதான் நடந்திருக்கிறது. இங்கிருந்து போனவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் பாட்டு வாத்தியார்களாகப் போயிருக்கிறார்கள். படிக்க வராதவர்களையும் விடவில்லை. 1935இல் தொடங்கி கிறிஸ்டியன்சன் பெயரில் கோடைக்காலப் பயிற்சி நடந்தது, அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் குழு நடத்துநர்கள் வந்து கற்றுப்போனார்கள். இன்னொரு காரணத்தை முந்தைய ஞாயிறு மகள் வீட்டுப் பக்கத்துக் கோயிலிலேயே பார்த்திருந்தேன், அப்போது உறைக்கவில்லை. இருக்கைக்கு இருக்கை சிவப்பு அட்டைப் பாட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். திறந்தால் பல பாட்டுகளுக்கு நாலு குரலுக்கும் சுரம் அச்சடித்திருக்கிறது. நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் வார்த்தைதான் இருக்கும். சுரம் வேண்டுமென்றால் குழுவில் சேர்ந்து, யாரோ பழைய நோட்டில் எழுதி வைத்த சோல்ஃபாவை (கோடும் புள்ளியும் இல்லாமல் எழுத்தால் சுரம் குறிக்கும் முறை) பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே நாலு வயதுப் பிள்ளைகூட அம்மா மடியில் உட்கார்ந்து அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்தபடி வளர்கிறது. பேஸ் பாடும் பண்ணைக்காரர் அப்படித்தான் விளைகிறார்.

அடுத்த பாட்டுக்கு நானும் ஆல்ட்டோவை எடுத்தேன். தாத்தா சொல்லிக்கொடுத்ததுதான். தமிழ் வார்த்தையில், சத்தம் கொஞ்சம் அடக்கி. சுரம் இரண்டு இடம் தவிர அப்படியே பொருந்தியது. அந்த இரண்டு இடத்தில் தப்பு தாத்தாவுடையதா அவர்களுடையதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆல்ட்டோவுக்காக ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கடைசிப் பாட்டு ஒவ்வொரு வருஷமும் ஒன்றேதான், 'பியூட்டிஃபுல் சேவியர்'. கிறிஸ்டியன்சன் குரலுக்கு அமைத்தது. பிள்ளைகள் இறங்கி வந்து கூட்டத்தைச் சுற்றி நின்றுகொள்கிறார்கள். முதல் சுற்றில் வார்த்தையே கிடையாது, வாயை மூடிக்கொண்டு முனகல் மட்டும். அந்த முனகல் நாலு பக்கமிருந்தும் வரும்போது நாற்காலி வழியாக உடம்புக்குள் ஏறுகிறது. அதற்கு மேலே தனிக்குரல் ஒன்று வருகிறது. சொப்ரானோ என்றுதானே நினைப்பீர்கள்? ஆல்ட்டோ. மெட்டைத் தூக்கி ஆல்ட்டோவிடம் கொடுத்திருக்கிறார் அந்த மனுஷர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை பார்க்காத மாதிரி இருந்துகொண்டார், நல்ல பையன்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கார் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும், குன்றின் மேல் காற்று ஈட்டி மாதிரி. நல்ல பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள், நான் செருப்புக்கு மேல் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நேரில் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கல்லூரி தன் கச்சேரிகளை இணையத்தில் நேரலையாகவும் தருகிறது. ஆனால் பண்ணைக்காரர் பேஸ் அதில் கேட்காது.

மகள் அந்தக் கடைசிப் பாட்டின் தாளை வரவழைத்துக் கொடுத்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து சாயங்காலங்களில் அதைச் சோல்ஃபாவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். முனகல் பகுதி முடிந்துவிட்டது. அதற்கு மேல் குரல்கள் இன்னும் பிரிகின்றன. எங்கள் குழுவில் டெனருக்கு இருப்பது இரண்டே பேர், அதில் ஒருவருக்கு சவுதி விசா வந்துவிட்டது.